கடைசி வரி உன் இஷ்டம்

நான் வீட்டை விட்டுக் கிளம்பிய நாள் ஒரு வியாழக்கிழமை. காலை ஆறு இருபதுக்கு ரயில். ஐந்தே முக்காலுக்கே அப்பா ஏறி, என் சாமான்களை இருக்கைக்கு அடியில் அடுக்கத் தொடங்கிவிட்டார். பெரிய பெட்டி சுவரை ஒட்டி உள்ளே. அதற்கு முன்னால் போர்வை மூட்டை. எல்லாவற்றுக்கும் முன்னால், கைக்கெட்டும் தூரத்தில், தண்ணீர் பாட்டில்.

“முதல்ல வேணுங்கறது கடைசியா ஏறணும்” என்று முணுமுணுத்தார். சொன்னதுமே அவர் முகம் சுருங்கிப்போனது. அந்த ஒரு வழக்கத்தால்தான் நான் அந்த ரயிலில் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா பார்சல் கிடங்கில் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிறவர். அங்கே அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘அடுக்கு’ என்றால் தெரியும். ஒரு லாரி பதினெட்டு ஊர்களில் நிற்கும் என்றால், பதினெட்டாவது ஊரின் பெட்டிகள் முதலில் ஏறி உள்ளே போகும். முதல் ஊரின் பெட்டிகள் கடைசியாக ஏறிக் கதவோரம் நிற்கும். ஊர்ப்பட்டியலைக் கையில் கொடுத்தால் போதும், அவர் கண் தானாகக் கீழிருந்து மேலே ஓடும். அவர் ஏற்றிய லாரியில் ஒரு பெட்டியை எடுக்க இன்னொன்றை நகர்த்தியதே இல்லை என்பார்கள் ஓட்டுநர்கள். என் பள்ளிக்கூடப் பையையும் அவர்தான் அடுக்குவார். முதல் பாடவேளைப் புத்தகம் ஒருநாளும் அடியில் இருந்ததில்லை.

அவருக்கு ஒரே ஆசை, நான் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும். “ஏசி ரூம்ல உக்காந்து வேலை பார்க்கணும். வேர்வைன்னா என்னன்னே உனக்கு மறந்து போகணும்” என்பார்.

கல்லூரிச் சேர்க்கைக்கான விருப்பப் பட்டியலில் இருபத்து நாலு வரிகள். எல்லாவற்றையும் நிரப்பினால்தான் படிவம் ஏற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா, அம்மா, நான் மூவரும் தரையில் உட்கார்ந்து நோட்டுத் தாளில் எழுதினோம். முதல் வரி, எங்கள் ஊர்க் கல்லூரியில் கம்ப்யூட்டர். இரண்டாவது, அடுத்த ஊர்க் கல்லூரியில் கம்ப்யூட்டர். இப்படியே கம்ப்யூட்டர் தீர்ந்து, மின்னியலும் தீர்ந்து, இருபத்து மூன்றில் வந்து நின்றோம்.

“கடைசி வரி உன் இஷ்டம்மா” என்றார் அப்பா, பெரிய மனது பண்ணி. “எப்படியும் அது வராது.”

நான் கடலியல் என்று எழுதினேன். இரண்டு நாள் ரயில் தூரத்தில் ஒரு துறைமுக ஊர். அந்தக் கல்லூரிக்குச் சொந்தமாக ஒரு கப்பல் உண்டு என்று எங்கோ படித்திருந்தேன். எழுதிய வரியை இரண்டு முறை படித்துக்கொண்டேன். அதுவரை நான் கடலை நேரில் பார்த்ததுகூட இல்லை.

மறுநாள் எனக்குக் காய்ச்சல். அப்பாவே தாளை எடுத்துக்கொண்டு கிடங்குக்கு எதிரில் இருந்த இன்டர்நெட் கடைக்குப் போனார். ஒற்றை விரலால் இருபத்து நாலையும் தட்டி முடித்து, ஜெயித்து வந்தவர் மாதிரி வீட்டுக்குள் நுழைந்தார்.

“சரியா போட்டீங்களா?” என்று அம்மா கேட்டாள்.

“என்கிட்டயா கேக்கறே? கம்ப்யூட்டரைக் கதவோரம் வெச்சிருக்கேன். திறந்தா அதுதான் முதல்ல விழும்.”

அம்மா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். அவர் பேச்சே அப்படித்தானே என்று விட்டுவிட்டோம். அச்சடித்த தாளை நாலாக மடித்து அலமாரியில் வைத்தார். யாரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

முடிவு வந்த அன்று மாமாவும் வந்திருந்தார். கைபேசி அம்மா கையில்.

“கடலியல்னு காட்டுதுங்க.”

“வேற யாரோடதையோ பார்க்கறே. நம்பரை ஒழுங்கா போடு.”

மூன்று முறை போட்டாள். மூன்று முறையும் கடலியல். அப்பா எழுந்து போய் அந்தத் தாளைப் பிரித்தார். முதல் வரியில் கடலியல், இருபத்து நாலாவதில் எங்கள் ஊர்க் கம்ப்யூட்டர். அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

“கீழேருந்து ஏத்திட்டேன்.”

“என்ன மச்சான் நீங்க, பெத்த பொண்ணையே கப்பலுக்கு லோடு ஏத்திட்டீங்களே!” என்றார் மாமா. ஒருவரும் சிரிக்கவில்லை. முதல் விருப்பமே கிடைத்தவர்கள் மாற்றிக்கொள்ள முடியாது என்பது விதி. நான் குளியலறைக்குள் போய்த் தாழிட்டு, குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, அந்த இரைச்சலில் குதிகுதியென்று குதித்தேன்.

வெளியே வந்து, “அப்பா, நிஜமாவே எனக்குப் பிடிச்சிருக்குப்பா” என்றேன்.

“எனக்காகச் சொல்லாதே.”

அவ்வளவுதான். என் வாழ்க்கையைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டதாக அவர் முடிவு கட்டிவிட்டார். ரயில் நகர்ந்தபோதும் அவர் முகத்தில் அதுதான் இருந்தது. எனக்கோ, அடுத்த நிலையத்துக்குள் தொண்டை வரை சந்தோஷம்.

பதினோரு வருடங்கள். முதல் அலையைப் படம் எடுத்து அனுப்பினேன். முதல் கப்பலை, பனிக்கட்டி மிதக்கும் கடலை, கைப்பிடிக் கம்பியில் வந்து உட்கார்ந்த பறவையை அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: “சரி. சாப்பிட்டியா?” அம்மா மட்டும் தொலைபேசியில் போட்டுக்கொடுப்பாள். “இன்னும் கம்ப்யூட்டர் சேர வயசு இருக்கான்னு போன வாரம்கூட யார்கிட்டயோ விசாரிச்சாரு.”

இந்த வருடத் தொடக்கத்தில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக் கப்பல், நான் படித்த ஊரின் துறைமுகத்துக்கு வந்தபோது, அவரைப் பிடிவாதமாக வரவழைத்தேன். அடுத்த பயணத்துக்குக் கருவிகள் ஏறிக்கொண்டிருந்தன. சரக்கறை வாசலில் நின்று ஐந்து நிமிடம் பார்த்தார்.

“அந்த வலை என்னைக்கு வேணும்?”

“முதல் நாளேப்பா.”

“அப்போ ஏன் ஆறு பெட்டிக்குப் பின்னாடி கிடக்கு?”

மதியம் முழுக்கச் சரக்கறை அவர் ராஜ்ஜியம். எல்லாவற்றையும் இறக்கி, கேட்டுக் கேட்டு மறுபடி ஏற்றினார். கப்பல்காரர்கள் அவர் கைகாட்டிய பக்கமெல்லாம் ஓடினார்கள். நானும் ஓடினேன். கடைசிப் பெட்டி ஏறியதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இப்படி வேர்க்குதே உனக்கு. ஏசி ரூம் குடுக்கலையா?”

“குடுத்திருக்காங்கப்பா. நான்தான் அதுல உக்கார்றதில்ல.”

சிரித்துவிட்டார். ஆனால் அந்தப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐந்து மாதம் கழித்து, அந்தப் பயணம் முடிந்து கரை இறங்கினேன். கைபேசி உயிர்பெற்றதும் முதலில் வந்து விழுந்தது அப்பாவின் செய்தி:

“எதிர் வீட்டுப் பொண்ணுக்கு லிஸ்ட் போடக் கூப்பிட்டாங்க. என் பழைய கதை தெரிஞ்சும் கூப்பிட்டாங்க. அவ அப்பன் இருபத்து மூணு வரி சொன்னான். கடைசி வரி உன் இஷ்டம்னு அவகிட்ட சொன்னான். அவ எழுதினதை முதல் வரியில போடுடான்னு சண்டை போட்டேன். ஒருவழியா ஒத்துக்கிட்டான். இந்தத் தடவை தெரிஞ்சேதான் போட்டேன். சாப்பிட்டியா?”