சாமிக்குக் கொடுத்த மரம்

வெள்ளிக்கிழமை காலை கொழும்புக் கோட்டை நிலையத்தில் தலவாக்கலைக்கு மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கினேன். நான்கு ரூபாய்க்குச் சில சதங்கள் குறைவு. கையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை. மலைக்குப் போகிறவன் கம்பளி கொண்டுபோக வேண்டும் என்பது எனக்கு ஏனோ தோன்றவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஹட்டன் கடைக்காரர் ஒருவர் என் மெல்லிய சட்டையை நாவலப்பிட்டி வரையில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"மாசி மாசத்துல இப்படியா போறீங்க?" என்று கடைசியில் கேட்டே விட்டார்.

"பகலில் வெயில் இருக்கும் என்றார்களே."

"வெயிலு இருக்கும். குளிரும் இருக்கும். ரெண்டும் சேர்ந்தே இருக்கும்."

நாவலப்பிட்டியில் வண்டியைத் தள்ள இன்னோர் எஞ்சினைப் பின்னால் பூட்டினார்கள். அதன் பிறகு ஜன்னலில் தேயிலையைத் தவிர வேறொன்றும் இல்லை. ஹட்டனில் கடைக்காரர் இறங்கும்போது என் கையில் ஒரு பழைய செய்தித்தாளைத் திணித்து, நெஞ்சுக்கு உள்ளே வைத்துக்கொள்ளச் சொன்னார். சிங்கமலைச் சுரங்கத்தின் இருட்டில் யாரும் பார்க்காதபடி அப்படியே செய்தேன். கொட்டகலை தாண்டி சென் கிளயர் அருவி தெரிந்தது. மழையில்லாத மாதம் என்பதால் மெலிந்திருந்தது. தலவாக்கலையில் இறங்கியபோது மணி மூன்றே முக்கால். நிலையத்துக்கு வெளியே பாலில்லாத பிளேன்டீ ஒன்று ஐந்து சதம். தேயிலை விளையும் ஊரில் தேநீர் நன்றாக இருக்கும் என்று நினைத்துக் குடித்தேன். கொழும்பில் இதைவிட நன்றாக இருக்கிறது.

அங்கிருந்து பஸ்ஸில் ஐந்து மைல், இருபத்தைந்து சதம். பிறகு ஏற்றத்தில் இரண்டு மைல் நடை. சந்தியில் பெருமாள் மாஸ்டர் காத்திருந்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அவர் ஒருவர்தான் ஆசிரியர். நான் அச்சுப் பிழை திருத்தும் புறக்கோட்டை அச்சகத்துக்குச் சென்ற மாதம் கூத்து நோட்டீஸ் அடிக்க வந்தவர். "வந்து பாருங்க சார், ஒங்க ஊர்ல இதெல்லாம் கெடைக்காது" என்று கூப்பிட்டிருந்தார். கூத்தின் பெயர் அருச்சுனன் தபசு. சிவனிடம் பாசுபதம் என்ற அம்பை வாங்க அருச்சுனன் தவம் செய்யப் போகிற கதை. தவம் செய்யும் மலைக்குப் பதிலாக நெடிய மரம் ஒன்றை நட்டு, அருச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே அதன் உச்சிவரை ஏறுவார்.

சனிக்கிழமை பகல் வேலை முடிந்ததும், இரண்டு மணிக்கு மரத்தைக் கொண்டு வந்தார்கள். ஊசிபோல நேரான டர்பன்டைன் மரம், நாற்பது அடிக்குக் குறையாது. காட்டு எல்லையிலிருந்து ஒன்றரை மைல் தூரம் முப்பது பேர் தோளில் சுமந்து வந்தார்கள். தரையில் இழுக்கக்கூடாதாம். பெண்கள் வழியெல்லாம் மஞ்சள் நீர் தெளித்தார்கள். நடுவதற்கு முன்னால் ஒருவர் கயிற்றால் மரத்தை அளந்தார், இன்னொருவர் சரிபார்த்தார். கணுக்களை உளியால் சீவி, கை வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார்கள். கம்பத்துக்கு எதற்கு இத்தனை சீராட்டு என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

மரத்தை நட்ட இடம் பள்ளிக்கூடத்தின் முன்வாசல். பள்ளிக்கூடம் என்றால் நான்கு மண்சுவர்கள்தான். போன வருடக் காற்றில் முகட்டு மரம் ஒடிந்து கூரை விழுந்துவிட்டது. அன்று முதல் பிள்ளைகள் கோயில் மரத்தடியில் உட்கார்ந்து படிக்கிறார்கள். மழை வந்தால் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, ஓடிவிடுவார்கள்.

மரம் ஏறப்போகிறவர் ராமையா. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவர், ஒல்லியான, பேச்சுக் குறைந்த மனிதர். ஏறுவதற்கு முப்பது படிகள் வேண்டும். ஒவ்வொரு கட்டையையும் தும்புக் கயிற்றால் மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ராமையாவின் மனைவி அழகம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"ஒரு ஆணி அடிச்சா என்னா கொறைஞ்சு போயிரும்? நாலு தொளை போட்டு ஆப்பு வச்சா என்னா?" என்றாள்.

"கயிறு போதும்" என்றார் ராமையா.

"ஒங்களுக்குப் போதும். விழுந்தா அள்ளுறது நானு."

நான் மாஸ்டரை ஒதுக்குப்புறமாக அழைத்துக் கேட்டேன். அவர் சிரித்தார். "ஆணி அடிச்சா மரம் கெட்டுப்போகும் சார். தொளை போட்டா பாரந் தாங்காது. கூரைக்குன்னு ரெண்டு தடவ எழுதிக் கேட்டேன், கட்டடத்துக்கு மரம் கெடையாதுன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. ஆனா சாமிக்குன்னு கேட்டா வருசத்துக்கு ஒரு மரம் எந்தத் தொரையும் இல்லேன்னு சொன்னதில்ல. இந்த வருசம் சாமிக்கு நாங்க நல்ல மரமாப் பாத்துக் கேட்டோம்."

கூத்து முடிந்ததும் மரத்தைச் சாய்த்துக் கூரை முகட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். வைகாசியில் மழை பிடித்துக்கொள்ளும். அதற்குள் கூரை போடாவிட்டால் இந்த மண்சுவர்களும் கரைந்துவிடும், பள்ளிக்கூடம் இருந்த அடையாளமே இருக்காது. இதுதான் விஷயம். எனக்கு ஒரே சந்தோஷம். இப்படி ஒரு கெட்டிக்காரத்தனத்தைக் கொழும்பில் நான் கண்டதில்லை. இதை வெளியே சொல்லக்கூடாது என்று மாஸ்டர் என்னிடம் சொல்லவில்லை. அங்கே யாருக்கும் அதைச் சொல்லவேண்டிய தேவையே இல்லை.

இரவுக் கூத்தைப் பாதி பார்த்தேன், பாதி தூங்கினேன். மரம் ஏறுவது விடிந்த பிறகுதான். ஞாயிறு காலை எட்டு மணிக்கு ராமையா காவியும் ருத்திராட்சமுமாக வந்தார். முதல் நாள் பார்த்த மனிதரா இவர் என்று இருந்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. கீழே தப்புப் பறையும் தாளமும் பதில் சொல்லும். கூரையில்லாத சுவர்களின் மேல் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நோன்பிருந்த பெண்கள் மேலிருந்து விழப்போகும் எலுமிச்சம்பழத்துக்காக முந்தானையை விரித்துப் பிடித்திருந்தார்கள்.

ஒன்பது மணிக்குத் தோட்டத்தை நடத்தும் துரை வந்தார். வெள்ளைக்காரர், ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் தோட்டத்து அலுவலகக் கணக்கைப் பார்க்கும் பெரிய கிளாக்கர். அவர்களுக்கு நாற்காலி போட்டார்கள். கொழும்பிலிருந்து வந்தவன், இங்கிலீஷ் தெரிந்தவன் என்று எனக்கும் ஒன்று போட்டார்கள். அந்த நாற்காலியில் நான் சற்று நிமிர்ந்தே உட்கார்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இருபத்திரண்டாவது படியில் கயிறு நழுவியது. கட்டை சரிந்து ராமையாவின் கால் காற்றில் தொங்கியது. தப்பு நின்றது. அழகம்மா விரித்துப் பிடித்திருந்த முந்தானை கையிலிருந்து நழுவியது. ராமையா இரண்டு கைகளாலும் மரத்தைக் கட்டிக்கொண்டு, காலை மெல்லத் தூக்கி அடுத்த கட்டைக்கு மாற்றி, விட்ட அடியிலிருந்து மறுபடியும் பாடினார்.

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு மனிதன் செத்திருப்பான்" என்றார் என்னிடம் ஆங்கிலத்தில். "ஆணி வேண்டுமென்றால் என் ஸ்டோரில் கேட்கக்கூடாதா? எப்போதும் இதே அசட்டை."

அசட்டை என்ற சொல் என்னைச் சுட்டது. ராமையாவைப் போய் அப்படிச் சொல்வதா? பத்து வருடமாக ஆங்கிலப் பிழை திருத்துகிறவன், வாக்கியம் தயாராக நாக்கில் நின்றது. அசட்டை இல்லை ஐயா, பள்ளிக்கூடத்துக் கூரைக்கு மரம் பழுதில்லாமல் வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மனிதர் உயிரைக் கயிற்றில் கட்டி ஏறுகிறார் என்று அழகாகச் சொன்னேன். பெரிய கிளாக்கர் திரும்பிப் பார்த்தார்.

துரை மரத்தின் உச்சியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "நீங்கள் இதை என்னிடம் சொல்லியிருக்கக்கூடாது. இவர்கள் நாற்பதடியில் ஒரு மரத்தைக் கேட்டபோது எதற்கென்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கக் கவனமாக இருந்தேன். இப்போது நீங்கள் சொல்லிவிட்டீர்கள். என் கிளாக்கரும் கேட்டுவிட்டார். இனி எனக்குத் தெரியாது என்று கம்பெனியிடம் சொல்ல முடியாது."

நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவன் நாற்காலியின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டேன்.

அருச்சுனன் உச்சியில் வரம் வாங்கினான். பூவும் விபூதியும் எலுமிச்சம்பழமும் விழுந்தன. என் மடியிலும் ஒரு பழம் விழுந்தது, தொடவே கூச்சமாக இருந்தது. ராமையா இறங்கி வந்ததும் துரை அவர் கையைப் பிடித்துப் பாராட்டினார். பிறகு மாஸ்டரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி தோட்டத்துத் தமிழில் சொன்னார்: "சாமிக்கிக் குடுத்த மரம். சாமிக்கே நிக்கணும். யாரும் படுக்க வைக்க வாணாம். வெட்ட வாணாம்." போய்விட்டார்.

மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் சொன்னேன், இன்னார் கேட்க இன்னது சொன்னேன் என்று ஒன்று விடாமல். சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர்கள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ராமையா உள்ளங்கையில் கயிறு அறுத்த இடத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "ஐயாவுக்கு எப்படித் தெரியும்? விடுங்க" என்றார். மாஸ்டர் சுவரோரம் போய் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பிள்ளைகள் சுவரிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

அழகம்மா மட்டும் மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பிறகு மாஸ்டர் முன்னால் வந்து நின்றாள்.

"தொரை என்னா சொன்னாங்க? படுக்க வைக்க வேணாம்னாங்க. வெட்ட வேணாம்னாங்க. அம்புட்டுத்தானே?"

"அம்புட்டுத்தான்."

"சரி, நிக்கட்டும். சுத்திக் கட்டுங்க."

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"முன்சொவர இடிச்சு இந்தப் பக்கமாக் கொண்டாங்க. மரம் நடுவுல வந்துரும். நடுத்தூணு இருந்தா நீட்டு மரம் எதுக்கு? அதுலேருந்து நாலா பக்கமும் சரிச்சு வைக்கக் கொய்யாக் கம்பு, மூங்கி, போதும். மண்ணுக்கும் எழுதிக் கேக்கணுமா?"

"மரம் கூரைக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்குமே" என்றார் ராமையா.

"நிக்கட்டுமே. மிஸ்ட்டு போட்டு எல்லாம் மறையிற நாள்ல புள்ளைகளுக்கு எடம் தெரியும்."

முதலில் சிரித்தவர் மாஸ்டர்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கயிற்றை மறுபடியும் எடுத்தார்கள். இந்த முறை மரத்திலிருந்து சுவருக்கு அளந்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்து வெளியே வந்தேன். பெரட்டு என்று சொல்கிற காலை ஆள்கணக்குக்கு இன்னும் நேரம் இருந்தது. புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. முன்சுவர் ஏற்கெனவே இல்லை. ஆண்களும் பெண்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் மண் குழைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். அந்தச் சேற்றின் குளிர் முழங்கால்வரை ஏறியது. மிதிக்கத் தெரியவில்லை என்று அழகம்மா என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

பத்து மணிக்குப் பெட்டியும் குடையுமாக இறக்கத்தில் நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஜீப் வந்து நின்றது. துரைதான். தலவாக்கலைக்குப் போகிறேன், ஏறிக்கொள்ளுங்கள் என்றார். மறுக்க வழியில்லை. வழியில் மழை குறைந்ததைப் பற்றி, காட்டை அழித்து மலையுச்சிவரை தேயிலை வைத்த பழைய துரைமார்களைப் பற்றிப் பேசினார். மரங்களை நட வேண்டும் என்பதில் அவருக்கு உண்மையாகவே அக்கறை இருந்தது. நான் "ஆமாம்" என்பதற்கு மேல் எதுவும் பேசவில்லை. வெளியூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறவன் கண்டதையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறான். அந்த ஊர் சொல்லாமல் வைத்திருக்கும் விஷயங்களின் மேல்தான் அங்கே பலருடைய பிழைப்பு நடக்கிறது என்பது எனக்கு அந்த ஏழு மைலில்தான் உறைத்தது.

நிலையத்தின் முன்னால் ஜீப்பை நிறுத்தினார். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். தெருவைப் பார்த்தபடியே கேட்டார்.

"இன்று காலை பள்ளிக்கூடத்துப் பக்கம் சில பேர் மண் குழைத்துக்கொண்டிருந்தார்களாம். கிளாக்கர் சொன்னார். எதற்கென்று உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

என் வேட்டியின் கரையில் அந்த மண் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார் என்பதும் எனக்குத் தெரியும்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"எனக்கும் தெரியாது" என்றார் துரை. இறங்கிப்போய்ப் பின்னாலிருந்த என் பெட்டியை அவரே எடுத்துக் கொடுத்தார்.