தங்கைக்குத் தெரியாதவை

என் தங்கைக்குப் பதின்மூன்று வயது. ஆட்டிசம். திருவொற்றியூரில் எங்கள் தெருமுனைக்குச் சிறப்புப் பள்ளியின் வேன் வரும். அதில் அவளுக்கு இடம் கிடைக்க மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டும். அதில் குறைபாட்டின் சதவீதம் போதுமான அளவு இருக்க வேண்டும். இல்லையென்றால் அம்மா வேலைக்குப் போக முடியாது. வேலையை விட்டு நான்கு வருடமாகிறது.

சான்றிதழ் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய வாரம் முழுக்க அம்மா அவளைத் தயார் செய்தாள். ஆபீசர் முன்னால் நிற்பதென்றால் எங்கள் வீட்டில் அப்படித்தான். அப்பா ஹார்பர் பாஸ் புதுப்பிக்கப் போனால்கூடச் சட்டைக்கு இஸ்திரி போட்டுத்தான் போவார்.

"கைய உதறக் கூடாது, இன்னா? டாக்டரம்மாவுக்கு வணக்கம் சொல்லணும்."

எண்ணெய் வைத்து இரட்டைச் சடை, தீபாவளிப் பாவாடை. தங்கை வணக்கம் சொன்னாள். நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்தாள்.

"எழுதுவாளா?" என்றார் டாக்டர்.

"எழுதுவா மேடம். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்றேன்.

"தானா சாப்பிடுவாளா?"

"சாப்பிடுவா."

உருண்டை பிடித்துத் தட்டில் வைத்தால்தான் என்பதை நான் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் தங்கையை யாரும் மட்டமாக நினைத்துவிடக் கூடாது.

சதவீதம் குறைவாக வந்தது. வேனில் இடமில்லை என்றார்கள்.

"நல்லா படிச்சே போ. பொண்ணு பாக்க வந்தவங்களாண்ட பேசற மாதிரி பெருமை பேசிக்கினு இருந்தியே" என்றாள் அம்மா.

"ரெட்டைச் சடை போட்டு இட்டாந்தது யாரு?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அதிகம் சிரிக்கத் தெம்பில்லை.

மறுபரிசோதனைக்கு மனு எழுதினேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்: 'அன்றாட வேலைகளில் சில சிரமங்கள் உள்ளன.'

"சிரமம்னா இன்னா? மாசாமாசம் துணி மாத்தத் தெர்யாது, எழுது. ஹாரன் அடிச்சா கையக் கடிச்சிக்கிறா, எழுது. கதவு தொறந்திருந்தா ஓடிடுவா. ட்ரெய்லரு போற ரோடு, எழுது."

தங்கை பக்கத்தில்தான் ஒரு டப்பா மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தியபோதெல்லாம் அம்மா காத்திருந்தாள். பக்கம் முடிந்தது.

"பின்னாடி எழுத இடம் இருக்குதா?" என்றாள்.

அடுத்த முறை எண்ணெய் இல்லை, புதுத்துணி இல்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் தங்கை கைகளை உதறிக்கொண்டு கத்தினாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பழக்கத்தில் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"வுடு. பாக்கட்டும்."

டாக்டர் இரண்டு பக்கத்தையும் படித்தார். "இதெல்லாம் உண்மைதானா?"

"ஆமா மேடம்" என்றேன். அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இடம் கிடைத்தது. முதல் நாள் தங்கையை வேனில் ஏற்றிவிட்டு வந்த அம்மா வேலை கேட்க எங்கும் போகவில்லை. வெறும் தரையில் படுத்தாள். வேன் திரும்பி வரும் நேரத்துக்கு நான்தான் எழுப்ப வேண்டியிருந்தது.