ஏரியைச் சுற்றிவந்த ஐஸ் பெட்டி

என் நைனா ஊர்க்கூட்டத்தின் முன்னால் குப்புற விழுந்து எழுந்தபோது அவர் நெற்றியில் மணல் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமலே வீடு வரைக்கும் நடந்து வந்தார். அன்றைக்கு நான் அழவில்லை. அந்த ஐஸ்காரர் இதே மணலில் இதே மாதிரி விழுகிறவரை என் வயிறு ஆறாது என்று மட்டும் தெரிந்தது. சத்தியமெல்லாம் பண்ணவில்லை. சத்தியத்தை மறந்துவிடலாம், வயிற்றெரிச்சலை மறக்க முடியாது.

பழவேற்காடு ஏரியில் யார் எங்கே வலை கட்டலாம் என்பதற்கு ஒரு முறை உண்டு. பாடு என்போம். சீட்டுக் குலுக்கிப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் இவருக்கு, நாளைக்கு அவருக்கு என்று சுற்றிவரும். இறால் நன்றாக விழும் இடம் ஒருவரிடமே தங்காது. அடுத்தவர் பாடு விழுந்த இடத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கை வைப்பதைவிடக் கேவலம் எங்கள் குப்பத்தில் வேறு கிடையாது. நைனா அப்படிக் கை வைத்தார் என்று கூட்டத்தில் சொன்னவர் ஐஸ்காரர். எங்கள் பங்காளி, அவருக்கும் படகும் பாடும் உண்டு, முறைக்கு எனக்குச் சித்தப்பா. அந்த வார்த்தை இப்போது வாயில் வருவதில்லை, அதனால் ஐஸ்காரர் என்றே எழுதுகிறேன். பனிமூட்டத்தில் பார்த்ததாகவும், படகு நைனாவுடையதுதான் என்றும் சொன்னார். வேறு சாட்சி இல்லை. ஆனால் குப்பத்துக்கே ஐஸ் கொடுப்பவர் அவர், இறாலை எடுத்துக்கொள்பவரும் அவர். அவரைப் பகைத்துக்கொண்டு பிடித்த மீனை எங்கே வைப்பது? நைனா இல்லவே இல்லை என்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டு விழாவிட்டால் குடும்பத்தையே பாடு முறையிலிருந்து எடுத்துவிடுவோம் என்று ஊர்த்தலைவர் சொன்னார். எங்களுக்காக நைனா விழுந்தார்.

அதற்குப் பிறகு நைனா ஏரிக்குப் போகவில்லை. படகு கரையில் கவிழ்ந்தே கிடந்தது. டீக்கடைக்குப் போவதையும் நிறுத்தினார். எதிரே யாராவது வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவார். திருடாத மனுஷன் திருடன் மாதிரி நடந்துகொண்டிருந்தார், திருடியவன் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான். ஆமாம், எனக்கு அப்போதே சந்தேகம். தன் படகைத்தான் அவர் பனியில் பார்த்திருக்க வேண்டும்.

எனக்குப் பழவேற்காடு கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை. பொன்னேரியில் டிப்ளமா படித்தேன், மீதியைச் செத்த போன்கள் கற்றுக்கொடுத்தன. கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் கீழே விழுந்து நொறுங்கிய ட்ரோனைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, அது வேண்டாம், புதுசு வாங்கிவிட்டேன் என்று போய்விட்டார். அதைச் சரிசெய்து எங்கள் கரையிலிருந்து கிளப்பிப் பார்த்தேன். அசையவில்லை. திரையில் வரைபடம் முழுக்கச் சிவப்பு. ஒரு பக்கம் ராக்கெட் விடும் தீவு, இன்னொரு பக்கம் பறவைகள் சரணாலயம். இங்கே பறக்கக் கூடாது என்று கம்பெனிக்காரன் உள்ளேயே பூட்டிவைத்திருக்கிறான். சரி, பறக்காவிட்டால் போகட்டும், மிதக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

ஆளில்லாமல் தானே ஓடும் படகுக்கு வேண்டிய மூளையை, அதாவது ப்ரோகிராமை, இணையத்தில் சும்மா கொடுக்கிறார்கள். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ உட்கார்ந்து எழுதி, எடுத்துக்கோ, பிரித்துப் பார், உனக்கு வேண்டியபடி மாற்றிக்கொள் என்று போட்டுவைத்திருக்கிறார்கள். அவர்களின் குழுவில் நான் கேட்ட கேள்விகளுக்கு அளவே இல்லை. ஒருவர்கூட நீ யார் வீட்டுப் பெண் என்று கேட்கவில்லை. எதற்காகச் செய்கிறீர்கள் என்று மட்டும் ஒருவர் கேட்டார். மற்றவர்கள் கடல் குப்பை அள்ள, பவளப்பாறை பார்க்க என்று எழுதியிருந்தார்கள். பழிவாங்க என்று எழுத முடியுமா? மீன்வள ஆராய்ச்சி என்று எழுதினேன். நல்ல முயற்சி என்று பாராட்டினார்.

உடம்புக்கு இரண்டு தெர்மோகோல் ஐஸ் பெட்டிகள். ஐஸ்காரர் கொட்டகைக்குப் பின்னால் வீசியிருந்ததைத்தான் எடுத்தேன். வேறு இடத்தில் கிடைத்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். படகு ஒட்டுகிறவர்களிடம் மிஞ்சிய ஃபைபர் பசையை வாங்கி மேலே பூசினேன். தண்ணீருக்குள் விசிறி சுற்றினால் வலையில் சிக்கும் என்று, ட்ரோனின் காற்றாடிகளையே தண்ணீருக்கு மேலே நிமிர்த்தி வைத்தேன். ஒரு கம்பி, கம்பியின் உச்சியில் கேமரா, உள்ளே ஒரு சிம் கார்டு. வரைபடத்தில் புள்ளி வைத்தால் அந்தப் புள்ளிகள் வழியே தானே போய்த் தானே திரும்பிவர வேண்டும். முதல் நாள் நேராகச் சுடுகாட்டுப் பக்கம் போய்க் கரை தட்டியது. பொணப் பெட்டி பொருத்தமான இடத்துக்குத்தான் போய்கீது என்று கரையே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். யார் யார் சிரித்தார்கள் என்பதை மட்டும் விடவில்லை.

கொஞ்ச நாளில் பெட்டி ஒழுங்காகச் சுற்ற ஆரம்பித்தது. ஒரு விடியலில், அடுத்தவர் பாட்டில் ஐஸ்காரர் வலையைத் தூக்குவது படத்தில் விழுந்தது. கூட்டத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அசரவில்லை.

“இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல செத்தவனையே பேச வைக்கறாங்கோ. இவ கடையில குந்திகினு பண்ணத எல்லாம் சாட்சின்னு எடுத்துப்பீங்களா?”

எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்தேன். என் ஒருத்தி கையில் இருக்கும்வரை அது என் பொய், எல்லார் கையிலும் இருந்தால் ஊரின் சாட்சி. எனக்கு இலவசமாகக் கொடுத்தவர்கள் செய்ததையே நானும் செய்தால் என்ன?

பெட்டியைப் பிரித்துக் கடை வாசலில் வைத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். குப்பத்தில் இன்னும் சில பெட்டிகள் மிதக்க ஆரம்பித்தன. எந்தப் பெட்டி எந்த வழியாக, எந்த நேரம் சுற்றும் என்பது எல்லாருக்கும் தெரியும். கேமரா பார்ப்பது அந்தக் கணமே எல்லார் போனிலும் ஓடும். அழிக்கும் வசதியை நானே எடுத்துவிட்டேன், என்னாலும் ஒரு காட்சியை அழிக்க முடியாது. தானோடும் வண்டிகள் வந்தால் உலகம் எப்படி மாறும் என்று அந்தக் குழுவில் பெரிய பெரிய கட்டுரை எழுதுகிறார்கள். எங்கள் குப்பத்தில் வந்த மாற்றம், ஆண்கள் பல் துலக்கும்போதே போனில் ஏரியைப் பார்த்ததுதான்.

ஐஸ்காரர் சில வாரம் அடங்கியிருந்தார். பிறகு காற்று பலமாக அடித்த ஒரு காலையில், இந்தக் காற்றில் தெர்மோகோல் எங்கே நிற்கும் என்று துணிந்திருக்கிறார். நின்றது. டீக்கடையில் பாதி ஊர் க்ளாஸைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்துத் தெருக்காரர் பாட்டில் கட்டியிருந்த வலையை ஐஸ்காரர் தூக்கினார். எந்தக் கம்ப்யூட்டரைக் குறை சொல்வார்?

கூட்டத்தின் முன்னால் அவர் விழுவதை முன்வரிசையில் நின்று பார்த்தேன். மனசு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், ஜில்லென்று குளிர்ந்தது. அவர் எழுந்ததும் நான் கேட்டேன், அப்படியானால் எங்கள் நைனா மேல் இவர் சொன்னதும் பொய்தானே, அதற்குக் கூட்டம் என்ன சொல்கிறது என்று. தலைவர் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

“அது முடிஞ்ச கதைம்மா. விழுந்தது விழுந்ததுதான். பழச கிளறாத.”

ஐஸ்காரர் முழங்கால் மணலைத் தட்டிக்கொண்டே, அவனும் விழுந்தான், நானும் விழுந்தேன், சரியாப்போச்சு என்றார். சிரித்துக்கொண்டு சொன்னார். செய்தவனும் செய்யாதவனும் ஒன்றாகிவிட்டார்கள். குளிர்ந்த மனசு மறுபடி கொதித்தது.

வீட்டில் நைனாவிடம் அப்படியே சொன்னேன். தலைவர் சொன்ன வார்த்தையைத் திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். மறுநாள் கவிழ்ந்து கிடந்த படகை நிமிர்த்திக் கழுவ ஆரம்பித்தார். அம்மா சந்தோஷத்தில் வஞ்சிரம் வாங்கி வறுத்தாள். மீண்டு வந்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த குலுக்கலில் நல்ல இடம் யாருக்கு விழுந்தது என்று அவர் கேட்டபோதும் எனக்கு உறைக்கவில்லை. ஐஸ்காரருக்கு என்று சொன்னேன்.

ஐஸ்காரரின் பாடு வந்த நாள் காலையில் நான் கடையைத் திறந்துவிட்டு, வழக்கம்போல் போனில் பெட்டியின் சுற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி ஐஸ்காரரின் வலைக் கழிகள் நட்டிருந்த மூலையில் திரும்பியது. அங்கே ஒரு படகு. படகில் நைனா. ஐஸ்காரரின் வலையை அவசரமே இல்லாமல் தூக்கி, இறாலை உதறித் தன் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். வெயில் ஏறிவிட்டது, பனியும் இல்லை. என் கட்டைவிரல் ‘திரும்பி வா’ பொத்தானுக்குப் போய்விட்டது. அழுத்தினால் பெட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு கரைக்கு வந்துவிடும், அதுவரை பதிந்ததோடு போகும்.

நைனா நிமிர்ந்தார். பெட்டி வருகிற நேரம் ஊருக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? கேமராவை நேராகப் பார்த்து, இடுப்புத் துண்டை அவிழ்த்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குத் துடைக்காத அதே நெற்றி. நான் விரலை எடுத்துவிட்டேன்.

உச்சி வெயிலுக்குள் கூட்டம் கூடிவிட்டது. நைனா கூடையோடு நேராக அங்கேதான் வந்தார். ஐஸ்காரர் கத்தவில்லை, கத்த அவசியமே இல்லை, எல்லார் போனிலும் இருக்கிறது. தலைவர் முறைப்படி கேட்டார். செய்தேன் என்றார் நைனா. விழுந்து எழச் சொன்னார்கள்.

“அதுக்குத்தான் விழுந்தாச்சே” என்றார் நைனா.

இன்னா சொல்றே என்றார் தலைவர்.

“அன்னிக்கு இதே எடத்துல, இதே குத்தத்துக்கு உங்க எல்லார் முன்னாடியும் விழுந்தேன். தண்டனைய முன்னாடியே குடுத்துட்டீங்கோ. குத்தத்த இன்னிக்குத்தான் பண்ணேன். விழுந்தது விழுந்ததுதான்னு நீங்கதானே சொன்னீங்கோ.”

தலைவர் ஐஸ்காரரைப் பார்த்தார், ஐஸ்காரர் மணலைப் பார்த்தார். நைனா கூடையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“வாம்மா, எறா கெட்டுடும். ஐஸ்கூட இல்ல.”