இரண்டாம் சீடி

எனக்குப் பேய்க்குப் பயமில்லை. கல்யாணம் முடித்த முதல் வருடத்திலேயே என் கணவர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். பயந்தவர் அவர்தான்.

லிங்கநகரில் ஓர் ஒழுங்கைக்குள், ஒரு அறையும் குசினியும் உள்ள வாடகை வீட்டில் இருந்தோம். அவர் ரேடியோ, டிவி, மின்விசிறி திருத்துகிறவர். ஜன்னலோரத்து மேசைதான் அவருடைய கடை. கழற்றிய திருகாணிகளைப் போத்தல் மூடிகளுக்குள் போட்டு, எந்த மூடி எந்தச் சாமானுடையது என்று துண்டு எழுதி ஒட்டுகிற மனிதர். அடையாள அட்டையைப் பொலித்தீன் உறைக்குள் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பார். கிணற்றடிக்குக் குளிக்கப் போனாலும் அது கூடவே போகும்; சவர்க்காரப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிப்பார். "ஐசிக்கும் கொஞ்சம் சவர்க்காரம் போடுங்கோவன்" என்று நான் பகிடி பண்ணுவேன்.

அந்த மேசைக்கு ஒரு நாள் ஒரு வீடியோ கேம் பெட்டி வந்தது. கொடுத்தவர் பக்கத்து வீதிக்காரர். இவர் அதைத் திருத்தி முடிப்பதற்குள் அவர் குடும்பத்தோடு மன்னார்ப் பக்கம் போய், படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். பெட்டி எங்களிடமே தங்கிவிட்டது. உள்ளே ஒரே ஒரு சீடி இருந்தது. வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அதைப் போட்டார்.

நடுக்கடலில் ஆளில்லாமல் மிதக்கிற ஒரு கப்பல். அதற்குள் ஒரு பெண் டோர்ச் லைட்டும் கைத்துப்பாக்கியுமாக இறங்குகிறாள். அவளுடைய தங்கச்சி அடித்தளத்தில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறாள்; தேடிக் கொண்டுவர வேண்டும். வழியெல்லாம் செத்துப்போன மாலுமிகள் எழும்பி வருவார்கள். சுட்டால் விழுவார்கள், சிலர் திரும்பவும் எழும்புவார்கள். என் கணவர் முதல் அறையிலேயே மூன்று தரம் செத்தார்.

"இந்தாரும், நீரே விளையாடும். எனக்கு நெஞ்சு பக்குப்பக்கெண்டு அடிக்குது" என்று என் கையில் தந்துவிட்டார். அதற்குப் பிறகு அதை நான் விடவில்லை.

ஆனால் ஒரு தொல்லை இருந்தது. ஒழுங்கை முனையில் ஆமிக் காவலரண். வீட்டுக்குள்ளிருந்து வேட்டுச் சத்தம் கேட்டால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. டிவியின் சத்தத்தை இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்குக் குறைத்து வைத்தோம். அப்படிக் குறைத்தால் அந்த விளையாட்டு சரிவராது. செத்தவர்கள் முதுகுப் பக்கத்தால் வருவார்கள், காலடிச் சத்தம் மட்டும்தான் அடையாளம். அவர்தான் வழி கண்டுபிடித்தார். டிவிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, ஒரு காதை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். படத்தைப் பார்க்காவிட்டால் பயமில்லையாம்.

"வலப்பக்கம் ஒருத்தன் வாறான். காலை இழுக்கிறான். கிட்ட வந்திட்டான். சுடும், சுடும்!" என்று கிசுகிசுப்பார். நான் சுடுவேன். துறைமுகத்தில் கடற்படைக்காரர் தண்ணீருக்குள் வெடி போடும்போது மேசை அதிரும். "இது கப்பலுக்குள்ளயோ?" என்று கேட்பேன். "இல்லை, இது எங்கட" என்பார்.

ஊரில் ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பின்னேரங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பெண்ணை அடித்தளத்துக் கதவுவரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் தங்கச்சி அழுகிறாள் என்று அவர் காதை வைத்துச் சொன்னார். கதவைத் திறந்தேன். திரை கறுத்தது. இரண்டாம் சீடியைப் போடச் சொல்லி எழுத்து வந்தது.

எங்கள் ஒழுங்கையிலேயே, காவலரணுக்கு இந்தப் பக்கம், ஒரு சீடிக் கடை இருந்தது. அவரை அனுப்பினேன். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"இருக்குதாம். ஆனா ஐசியை வைச்சால்தான் தருவாராம். சீடி எடுத்த சனம் எல்லாம் சொல்லாமக் கொள்ளாமப் படகேறி இந்தியாவுக்குப் போகுதாம். நான் ஏலாதெண்டு வந்திட்டன்."

நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். இத்தனை நாள் பாடுபட்டுக் கதவுவரைக்கும் வந்தவள் நான்.

"நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஒழுங்கையைத் தாண்டி எங்க போகப்போறியள்? திங்கள் விடிய எடுத்தால் சரிதானே?"

"விசர்க்கதை கதையாதையும்."

"பேய்க்கும் பயம், எல்லாத்துக்கும் பயம்" என்றேன்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் எழும்பிப் போனார். பத்து நிமிடத்தில் இரண்டாம் சீடியோடு வந்தார். சட்டைப் பை தட்டையாக இருந்தது. என்னுடைய ஐசியைக் கொடுக்கலாம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவேயில்லை. இன்றுவரை என்னை அரிப்பது இதுதான்.

அன்று பின்னேரம் தண்ணீர் நிறைந்த அடித்தளத்துக்குள் இரண்டு அறைகள் போனேன். பிறகு மின்சாரம் நின்றுவிட்டது. தங்கச்சியைக் காணவில்லை.

ஞாயிறு விடிய ஒலிபெருக்கிச் சத்தத்தில்தான் எழும்பினோம். ரவுண்டப். ஆமி இடத்தைச் சுற்றிவளைத்திருந்தது. ஆம்பிளைகள் எல்லோரும் ஐசியோடு பள்ளிக்கூட மைதானத்துக்கு வரட்டாம். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டார். கை தன் பாட்டில் பைக்குப் போய்த் தடவியதைப் பார்த்தேன். என்னை ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் கொஞ்சம் நல்லாயிருந்திருக்கும்.

"கடைக்காரர் வந்தவுடன வாங்கிக்கொண்டு வாரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் கடைக்கு ஓடினேன். பூட்டிக் கிடந்தது. கடைக்காரர் வேதக்காரர், சனி இரவே பாலையூற்றில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார், ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்துதான் திரும்புவார். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும் தகரக் கதவைத் தட்டினேன். ஐசி அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு மேசை லாச்சிக்குள் இருந்தது. அவர் இருநூறு அடி தூரத்தில், மைதானத்தில், ஐசி இல்லாதவர்களுக்கென்று ஒதுக்கிய மூலையில் குந்தியிருந்தார். ஒரு ஆமிக்காரன் வந்து துவக்கை ஆட்டி, "கடை இல்ல. வீடு போ" என்றான். என்னுடைய ஐசியை நீட்டினேன். அவன் அதைப் பார்க்கவுமில்லை.

பத்து மணிபோல மற்ற ஆம்பிளைகள் திரும்பி வந்தார்கள். ஐசி இல்லாத நாலு பேரை ட்ரக்கில் ஏற்றிப் போனதாகச் சொன்னார்கள்.

சுற்றிவளைப்பை எடுக்காமல் பகல் முழுக்க வீதியை மூடி வைத்திருந்தார்கள். கடைக்காரர் திங்கட்கிழமைதான் வந்தார். சீடியை மேசையில் வைத்தேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. லாச்சியைத் திறந்து ஐசியை எடுத்துத் தந்தபடி, "அதுக்குள்ள முடிச்சிட்டீங்களோ?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேரே ஆமி முகாமுக்குப் போனேன். வாசலில் நின்றவனிடம் ஐசியைக் கொடுத்து, இவரைத்தான் நேற்றுக் கொண்டுவந்தீர்கள், இதோ ஐசி இருக்கிறது, விடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். அவன் அதை உள்ளே கொண்டுபோனான். வெயிலில் நின்றேன். பின்னேரம் வேறொருவன் வந்தான்.

"அப்பிடி ஆள் இங்க இல்ல."

"ஐசி?"

"என்ன ஐசி?"

அதோடு ஐசியும் போய்விட்டது.

வெருகல் பக்கம் இருந்த மாமிக்கு, அவருடைய தாய்க்கு, ஆள் விட்டேன். பஸ் பிடித்து வந்து இறங்கியவள் கேட்ட முதல் கேள்வி, "ஐசி இல்லாம ஏன் நிண்டவன்?" என்பதுதான். செத்தவர்களைச் சுடுகிற விளையாட்டுக்காக அடகு வைத்தோம் என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது?

"துலைச்சுப் போட்டார், மாமி" என்றேன்.

"அவனோ?" என்றாள் மாமி. "அவன் பள்ளிக்கூடத்தில ஒரு பென்சில் துண்டுகூடத் துலைச்சதில்லையே பிள்ளை."

அதற்குப் பிறகு எத்தனை அரசாங்கக் கந்தோர்கள், எத்தனை படிவங்கள். கைதாகும்போது அடையாள அட்டை இருந்ததா? இல்லை. ஏன்? தொலைந்துவிட்டது. ஒவ்வொரு தரமும் மாமி பக்கத்துக் கதிரையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் அவரை விட்டுவிடுவார்களென்றால் சொல்லியிருப்பேன். அது நடக்காது என்று எனக்குத் தெரியும். அதனால் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.

முதல் இரண்டு வருடம் மாமி நம்பவில்லை. பிறகு மெல்ல மெல்ல நம்பத் தொடங்கினாள். மகன் எதையோ எங்கோ விட்டுவிட்டு வந்த கதைகள் அவளுக்கு ஞாபகம் வந்தன. குடையை பஸ்ஸில் விட்டானாம். சின்ன வயதில் ஆட்டைக் கட்ட மறந்தானாம். அப்படியெல்லாம் நடந்திருக்காது. என் பொய்க்கு இடம் கொடுக்க அவளே அவற்றை உண்டாக்கிக்கொண்டாள். கேம் பெட்டியை நான் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தேன். திருகாணி மூடிகள் துண்டுகளோடு மேசையில் அப்படியே இருந்தன. மாமி அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் இதெல்லாம் சொல்வாள்.

மாமி படுக்கையில் விழுந்த கடைசி மாதம் நான்தான் அவளைப் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் கஞ்சி பருக்கும்போது என் கையைப் பிடித்தாள்.

"எங்க துலைச்சவன் எண்டு உனக்கு உண்மையாத் தெரியாதோ பிள்ளை?"

"தெரியாது, மாமி."

"தன்ர கவனமில்லாத்தனத்தாலதான் போனவன்" என்றாள். அழவில்லை, கோபமாகத்தான் சொன்னாள். "சின்னனில இருந்தே அப்பிடித்தான், என்ன?"

கரண்டியில் இருந்த கஞ்சியை ஊதி ஆற்றினேன்.

"ஓம், மாமி" என்றேன்.