திரைக்குப் பின்னால் பேசிய தாமிரபரணி

வியர்வையில் குழைந்த முகப்பவுடரின் வாசனை இன்றைக்கும் எனக்குக் குமட்டும். அம்பாசமுத்திரத்தில் நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, ஆண்டுவிழா நாடகத்துக்காக எங்கள் டீச்சர் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து அதைப் பூசிவிட்டார். என்னை மட்டும் தாண்டிப் போனார்.

மலைமேல் தேயிலை எஸ்டேட்டிலிருந்து இறங்கிவந்த குடும்பம் எங்களுடையது. வகுப்பில் என்னைக் "கரிச்சட்டி" என்று கூப்பிடுகிறார்கள் என்று அவரிடம் ஒருநாள் அழுதேன். "பிள்ளைக வெளையாட்டுக்குத்தானட்டி சொல்லுதுவ, நீயும் சிரிச்சிரு" என்றார். மறுநாள் மனம் கேட்காமலோ என்னவோ, என்னை வகுப்பின் நடுவில் நிறுத்தி, "கருப்பும் அழகுதான், எல்லாரும் கைதட்டுங்க" என்றார். தட்டினார்கள். அன்றிலிருந்து என்னைக் கண்டாலே முதலில் கைதட்டிவிட்டுத்தான் அந்தப் பெயரைச் சொன்னார்கள். அதுவும் அவர் காதில் விழத்தான் செய்தது. நோட்டுத் திருத்துவதில் மும்முரமாக இருந்துவிட்டார்.

நாடகத்தில் தாமிரபரணித் தாயாக நடிக்க எனக்குக் கொள்ளை ஆசை. நாலு பக்க வசனத்தையும் முதலில் மனப்பாடம் செய்தவள் நான்தான். ஆனால் இரண்டு வரிக்குள் திணறுகிற ஒரு "செவத்த பிள்ளை"க்கு வேடத்தைக் கொடுத்தார். "நீ கருப்புங்கறதுக்காவ இல்லட்டி, மேடையில வெளிச்சம் பத்தாது" என்று சொல்லி, என்னை மைக்கோடு திரைக்குப் பின்னால் நிறுத்தினார். நான் பேசினேன், அவள் வாயசைத்தாள், பரிசும் அவளுக்கே போனது. கடைசி வரிசையில் நின்று பார்த்த அம்மா, "கொரலு கேட்டுச்சு, ஒன்னயக் காணலியேட்டி" என்று வீட்டுக்கு வந்து கேட்டாள். அழுதேன்.

போன மாதம் சேரன்மகாதேவி போகும் பஸ்ஸில் அந்த டீச்சர் ஏறினார். என்னை அடையாளம் கண்டதும் பக்கத்தில் இருந்தவர்களிடம், "என்ட்ட படிச்ச பிள்ள, இப்போ இவளும் டீச்சரா இருக்கா. மொதமொதல்ல இவ கையில மைக்கக் குடுத்ததே நாந்தான்" என்றார் பெருமையாக. "எதுக்குக் குடுத்தீயன்னு நானே சொல்லுதேன் டீச்சர்" என்று எழுந்து நின்று, பஸ் முழுக்கக் கேட்கும்படி ஒன்று விடாமல் சொன்னேன்.

"அந்தக் காலத்துல இதெல்லாம் யாரும் தப்பாவே நெனைக்கலியேம்மா" என்றார்.

"நான் நெனைச்சேன் டீச்சர்."

அந்த மேடையை எப்போதோ இடித்துவிட்டார்கள். பள்ளிக்கூடமும் இப்போது இல்லை. சேரன்மகாதேவிக்குச் சீட்டு வாங்கியிருந்த டீச்சர், யார் முகத்தையும் பார்க்காமல் வழியில் ஏதோ ஊருக்குப் பாதை பிரியும் ஒரு விலக்கிலேயே இறங்கிக்கொண்டார். உச்சி வெயில், அங்கே ஒதுங்க ஒரு மரம் கிடையாது, அடுத்த பஸ் வர ஒரு மணி நேரமாகும். நிற்கட்டும்.