அட்டையில் ஓடும் வாய்க்கால்

பழைய படத் தபால் அட்டைகளைச் சேர்க்கும் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில், அட்டையில் இருக்கும் இடத்துக்கே போய் நின்று பார்க்கவேண்டும் என்று தோன்றும். எனக்கு அது ஆனி மாதக் கடைசியில் தோன்றியது. காவிரியில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். என்னிடம் இருந்த அட்டையிலும் தண்ணீர் ஓடியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஏறினேன். இதே மாதிரிப் பயணம் போக நினைப்பவர்களுக்காகப் போன வழியையும் ஆன செலவையும் எழுதுகிறேன். கூடவே பயந்ததையும் எழுதவேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டால் இந்தப் பயணத்தில் சொல்ல அதிகம் இல்லை.

முதலில் அட்டை. ஒரு பழைய புத்தகக் கடையில் கட்டாக வாங்கிய இயற்கைக் காட்சி அட்டைகளில் ஒன்று. செங்கல்லில் கட்டிய இரண்டு கண் மதகு, அதிலிருந்து நுரைத்துக்கொண்டு வெளியேறும் வாய்க்கால் தண்ணீர், இடதுபுறம் தென்னை வரிசை, பின்னால் சின்னக் கோபுரம். கீழே ஆங்கிலத்தில் ‘தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு வாய்க்கால்’ என்று மட்டும் இருந்தது. ஊர் இல்லை, ஆண்டும் இல்லை.

ஆண்டு போடாத அட்டைக்கு ஆண்டு கண்டுபிடிப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் சுவாரசியமே. மிகப் பழைய அட்டைகளின் பின்பக்கம் முகவரிக்கு மட்டும். சேதியைப் படத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுதவேண்டும். பிறகுதான் பின்பக்கத்தின் நடுவே கோடு வந்தது. என் அட்டையில் கோடு இருந்தது. மூலையில் ஜெர்மனியில் அச்சிட்டதாகப் பொடி எழுத்து. முதல் உலகப்போர் தொடங்கியதும் அங்கிருந்து அட்டை வருவது நின்றுபோனதால், அதற்கு முந்தைய சில ஆண்டுகளுக்குள் அடங்கும் என்று தெரிந்தது. அதற்கு மேல் நெருங்க ஒரு வழிதான் பாக்கி. மதகுகளின் நெற்றியில் பெரும்பாலும் கட்டிய ஆண்டைக் கல்லில் வெட்டி வைத்திருப்பார்கள். அந்தக் கல்லைப் பார்த்துவிட்டால், படம் அதற்குப் பிறகு எடுத்தது என்று உறுதியாகிவிடும்.

கோபுரத்தின் அமைப்பை வைத்து, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் என்று சக சேகரிப்பாளர் ஒருவர் அடையாளம் சொன்னார். தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்திலிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். மகளிருக்குக் கட்டணமில்லாத பேருந்து கிடைத்தால் காசே ஆகாது. நான் ஏறியது தனியார் பேருந்து, முப்பது ரூபாய். ஒரு மணி நேரம் ஆனது. கண்டியூர் தாண்டியதும் சாலையின் இருபக்கமும் குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. ஜன்னலோர இருக்கை கிடைத்தால் விடாதீர்கள்.

திருக்காட்டுப்பள்ளியில் ஆட்டோ பிடித்தேன். போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து நானூறு ரூபாய். ஓட்டுநர் முருகேசனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அட்டையை வாங்கி, வெயிலில் சாய்த்துப் பார்த்தவர், இடம் தெரியும் என்றார். மதகு இருக்கிறது, வாய்க்கால்தான் இல்லை என்றும் சொன்னார். எதற்குப் போகிறேன் என்று கேட்டபோது ஆண்டு விஷயத்தை விளக்கினேன்.

“நூறு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு தெரியுதுல்லம்மா. அப்புறம் நூத்திப் பத்தா, நூத்திப் பதினஞ்சான்னு தெரிஞ்சு என்ன பண்ணப்போறீங்க?”

சிரித்துவிட்டு வந்தேன். வாய்க்கால் எங்கே போனது என்று கேட்டதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும்.

போன ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. பிரதான சாலையிலிருந்து பிரியும் ஒரு தெரு. பாதி ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பாதி ஓட்டு வீடு. வயல் வேலைக்குப் போகிறவர்கள், அவர்கள் படிக்கவைத்த பிள்ளைகள். வாசல்களில் மோட்டார் சைக்கிள்கள், ஒரு வீட்டு முன்னால் நர்சிங் கல்லூரிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு வீடுகளுக்கு நடுவே மதகு நின்றது. கண்கள் இரண்டையும் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். மேலே துணி உலர்த்தியிருந்தார்கள், கீழே ஆடு ஒன்று கட்டியிருந்தது. அட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கோபுரம், மதகு, கோணம் எல்லாம் அப்படியே பொருந்தின. ஃபோனில் சில படங்கள் எடுத்துக்கொண்டேன். மகிழ்ச்சியில் எனக்குக் கண் கலங்கியதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் மதகின் நெற்றியில் கல் இல்லை. கல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு முழ அகலத்துக்கு சிமெண்டு பூசியிருந்தது. இன்னும் நிறம் மாறாத புதுச் சிமெண்டு. யாரோ விவரம் தெரியாமல் பூசிவிட்டார்கள் என்று எரிச்சல் வந்தது. பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து ஓரத்தில் மெதுவாகச் சுரண்டினேன். கொஞ்சம் உதிர்ந்தது. உள்ளே ஒரு எண்ணின் ஓரம் தெரிந்தது.

“அங்க என்னங்க பண்றீங்க?”

திரும்பினேன். என் வயதுள்ள ஒரு பெண். நடவிலிருந்து வந்திருந்தார், முழங்கால்வரை சேறு. அவர் பெயர் செல்வி என்று பிறகு தெரிந்தது. நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி அட்டையை அவரிடம் நீட்டினேன். இதே மதகுதான், அப்போது இங்கே தண்ணீர் எப்படி ஓடியிருக்கிறது பாருங்கள் என்றேன்.

அவர் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த நாணயத்தைப் பார்த்தார். வீட்டுப் பக்கம் திரும்பி, கொழுந்தனாரை ரவி என்று ஒரு தடவை கூப்பிட்டார். சத்தமாகக்கூட இல்லை. ஆனால் தெருவே வந்துவிட்டது.

ரவி என் ஃபோனை வாங்கிக்கொண்டார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, சொம்பில் தண்ணீர் வந்தது. “உக்காருங்க. இருங்க. போவலாம்,” என்றார்கள். மரியாதை துளியும் குறையவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. எழுந்தால் யாரும் அடிக்கமாட்டார்கள், ஆனால் யாரும் வழிவிடவும் மாட்டார்கள் என்று புரிந்தது. சொம்புத் தண்ணீரைத் தொடவில்லை.

“தாசில்தார் ஆபீஸா? வக்கீல் அனுப்புனாரா?” ரவி கேட்டார்.

இரண்டும் இல்லை, சென்னையிலிருந்து வருகிறேன், இந்த மாதிரி அட்டைகளைச் சேர்க்கிறேன் என்றேன்.

“சேத்து?”

“வச்சிக்குவேன்.”

“சும்மா வச்சிக்கிறதுக்கா மெட்ராஸ்லேர்ந்து வந்தீங்க?” என்றார் ரவி. கூட்டத்தில் ஒருவர், “அதிகாரிங்க ஜீப்புல வருவாங்க. இப்பல்லாம் ஆட்டோவுலயே அனுப்புறாங்கப்பா,” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அங்கேதான் விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். அந்தத் தெரு வாய்க்கால் புறம்போக்கில் இருக்கிறது என்று யாரோ நீதிமன்றம் போயிருக்கிறார்கள். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. தங்களுக்குத் தெரிந்து அங்கே தண்ணீர் ஓடியதே இல்லை, அது குடியிருப்பு நத்தம், பட்டா கொடுங்கள் என்று இவர்கள் பதில் மனு போட்டிருக்கிறார்கள். எப்போது வேண்டுமானாலும் பார்வையிட ஆள் வரலாம். அதற்குள் கல்லை மறைத்தால் மதகு வெறும் சுவராகிவிடும் என்று நம்பிப் பூசியிருக்கிறார்கள். அதைச் சுரண்டிக்கொண்டு, தண்ணீர் ஓடும் படத்தோடு நான் நின்றிருக்கிறேன்.

செல்வி அட்டையைக் கையில் வைத்திருந்தார். அவர் கட்டைவிரல் சேறு அதன் ஓரத்தில் பதிந்திருந்தது. படத்தில் நுரை பொங்கும் இடத்தில் விரலை வைத்தார்.

“இந்தா, இதான் எங்க அடுப்பாங்கரை.”

“கிழிச்சிப் போடுங்க அண்ணி,” என்றார் ரவி.

செல்வி கிழிக்கவில்லை. என்னைப் பார்த்து, “இது ஒண்ணுதாங்களா இருக்கு?” என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அட்டை கிழிந்திருக்கும். அவர்களுக்கு அன்றைக்கு நிம்மதி கிடைத்திருக்கும், நானும் உடனே கிளம்பியிருக்கலாம். “இல்லங்க,” என்றேன். “அப்பவே நூத்துக்கணக்குல அச்சடிச்சிருப்பாங்க. எங்கெங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது.”

ரவி மதகின் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தின் முகத்தில் இருந்த கோபம் போய், என் முகத்தில் இருந்திருக்கக்கூடிய அதே பயம் வந்தது. நான் சொன்னது உண்மை. ஆனால் உண்மை என்பதற்காகச் சொன்னேனா, அட்டையைக் காப்பாற்றச் சொன்னேனா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது.

“அப்ப இதக் கிழிச்சு என்ன ஆவப்போவுது,” என்று செல்வி அதைத் திருப்பிக் கொடுத்தார். இந்தப் படத்தை எங்காவது வெளியிடுவீர்களா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். எப்படி நம்புவது என்றார். பதிலுக்கு ஃபோனின் பூட்டைத் திறந்துகொடுத்தேன். அதிலிருந்த மதகுப் படங்களை ரவி அழித்துவிட்டுத் திருப்பித் தந்தார். செல்வி என் எண்ணை வாங்கி, அங்கேயே ஒரு முறை அடித்துப் பார்த்துக்கொண்டார்.

அதற்குள் முருகேசன் கூட்டத்துக்குள் புகுந்து யார் யாரிடமோ பேசி வழி ஏற்படுத்தியிருந்தார். சாலைக்கு வந்த பிறகுதான் என்ன பேசினார் என்று சொன்னார்.

“உங்களுக்குக் கொஞ்சம் ஒரு மாதிரின்னு சொன்னம்மா. வருஷம் வருஷம்னு அலையுதுன்னேன். கோவிச்சுக்காதீங்க.”

கோபம் வரவில்லை. வழியில் காவிரி கரை தொட்டு ஓடியது. அதைப் பார்க்கத்தான் வந்திருந்தேன், பார்க்க முடியவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அசல் அட்டையை எடுத்துப்போகாதீர்கள், நகல் போதும். ஓட்டுநர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் இறங்குவதற்கு முன் அதையே இன்னொரு தடவை கேளுங்கள். சுவர், கல், பூச்சு எதிலும் கை வைக்காதீர்கள். முக்கியமாக, நீர்நிலை உள்ள பழைய படத்தோடு போனால், அந்தத் தண்ணீரின் மேல் இன்று யார் குடியிருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். நாம் ஆண்டு குறித்து வெளியிடும் படம் ஏதோ ஒரு மனுவோடு இணைக்கப்படலாம். இதைப் படித்துவிட்டு, அந்த அட்டை தன்னிடமும் இருக்கிறது என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து எனக்கு எழுதவேண்டாம்.

ஆடிப்பெருக்கு முடிந்த வாரம் செல்வி கூப்பிட்டார். டேப் பிடித்து இரண்டு பேர் தெருவை அளந்துவிட்டுப் போனார்களாம்.

“அக்கா, நீங்க யாருக்கும் காட்டலைல்ல?”

இல்லை என்றேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கல்லுமேல பூசுனது நாந்தான். அதுல இருந்த வருஷம் எனக்கு ஞாபகம் இருக்கு. உங்களுக்கு அதுதான வேணும்னு ஆட்டோக்காரரு சொன்னாரு. சொல்லட்டுமாக்கா?”

நான் வாயைத் திறக்காமல் இருப்பதற்குத் தன்னிடம் இருந்ததைக் கொடுக்கப் பார்க்கிறார் என்று புரிந்தது. கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு கணம் மனம் தாவியதை மறைக்கமாட்டேன்.

“வேணாங்க,” என்றேன். “தெரிஞ்சா எங்கயாவது சொல்லிடுவேன்.”

அந்தப் பக்கம் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது. “இருங்கக்கா, ஜீப்பான்னு பாக்குறேன்,” என்றார். அது தெருவைத் தாண்டிப் போகும்வரை நாங்கள் இருவருமே ஃபோனை வைக்கவில்லை.