நாங்களே போட்ட வைக்கோல் பட்டடை

கோப்பாயில் எங்களுக்கு இருப்பது சின்ன வயல். விளைகிற நெல் வீட்டுக்கு, வைக்கோல் இரண்டு பசுக்களுக்கு. வழக்கமாக அறுவடை முடிந்ததும் கூலிக்கு ஆட்கள் வந்து வைக்கோலை உலர்த்தி, வீட்டின் பக்கவாட்டில், கோடியில் பட்டடையாக அடுக்கித் தருவார்கள். இந்த முறை அவர்களுக்கு எல்லா இடத்திலும் வேலை.

"நாங்களே போடுவம். உதென்ன பெரிய வித்தையே?" என்றார் என் கணவர். மின்சாமான் கடையில் வேலை செய்பவர். பட்டடைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

மெசின் வெட்டிப் போட்ட வைக்கோல் வயலில் வரிவரியாகக் கிடந்தது. மேலே காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம். சனிக்கிழமை நானும் பிள்ளைகளும் தடியால் பிரட்டிப் போட்டோம். பதினொரு வயது மகள் வரி பிசகாமல் போனாள். ஏழு வயது மகன் போன பக்கமெல்லாம் வைக்கோல் பறந்தது. கிளம்பிய பூச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு கொக்குகள் அவன் பின்னாலேயே நடந்தன.

"அம்மா, கொக்குகளுக்கு என்னிலை பயமே இல்லை!"

"சோறு போடுறவனுக்கு ஆர் பயப்படுவினம்?" என்றாள் மகள்.

ஞாயிறு மத்தியானம் கிழக்கே வானம் கறுத்தது. பக்கத்து வீட்டு அண்ணை தன் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை, பின்னால் பாரம் ஏற்றுகிற பெட்டியோடு கொண்டுவந்தார். அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளும் கூடவே குதித்து இறங்கினார்கள். அள்ளினோம், ஏற்றினோம், மறுபடி அள்ளினோம். கடைசிப் பாரத்தின் மேல் நான்கு பிள்ளைகளும் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒடுங்கிய ஒழுங்கையின் இரு பக்கத்து வேலிக் கிளைகளும் முதுகில் உரச, கத்திக்கொண்டே வீடு வந்தார்கள்.

கோடியில் கல் பரவி, அதன் மேல் பனங்குற்றிகள் போட்டு, நடுவில் ஒரு கம்பம் நட்டிருந்தோம். நானும் அண்ணையும் வைக்கோலை எறிய, கணவர் அடுக்க, பிள்ளைகள் மேலே நின்று மிதித்தார்கள். பட்டடை ஆள் உயரத்தைத் தாண்டியபோது எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை.

"இஞ்சரப்பா, உது சரியுது."

"நீர் சரிஞ்சு நிண்டு பாக்கிறீர். அது நேராய்த்தான் நிக்குது."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. ரோட்டுப் பக்கம் மெதுவாக வழுகி, பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு பட்டடை நிலத்துக்கு வந்தது. ஓடிப்போய் இரண்டு கையாலும் விலக்கினேன். முதலில் மகளின் சிரிப்புக் கேட்டது, பிறகு அவளுடைய தலை தெரிந்தது. மகன் வாய்க்குள் இருந்த வைக்கோலைத் துப்பிவிட்டு, "இன்னொருக்கா விழுவமா?" என்றான்.

விசாரித்தபோது காரணம் தெரிந்தது. சைக்கிளில் போகிற வகுப்புப் பிள்ளைகளுக்குக் கை காட்டுவதற்காக நான்கு பேரும் ரோட்டுப் பக்கத்திலேயே நின்று மிதித்திருக்கிறார்கள். கணவர் சிரித்துச் சிரித்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

மழைக் காற்று குளிர்ந்து வந்தது. திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினோம். மகளுக்கு அப்போது பள்ளிக்கூடத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அணிநடை பழக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் முன்னே நின்று, "லெப்ட், ரைட்!" என்று அதட்ட, மற்ற மூவரும் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி அணிவகுத்து மிதித்தார்கள். மகனுக்கு ஒவ்வொரு லெப்டுக்கும் முழங்கால்வரை புதைந்தது. ஆனாலும் சல்யூட் அடிக்க மறக்கவில்லை. அண்ணை எறிவதை விட்டுவிட்டுக் கை தட்டினார். இந்தத் தடவை வைக்கோல் எந்தப் பக்கமும் அசையவில்லை.

தார்ப்பாய்ப் படங்கை இழுத்து மூடி, கயிற்றில் கல் கட்டித் தொங்கவிட்ட கையோடு மழை இறங்கியது. உடம்பெல்லாம் வைக்கோல் சுணை, ஒரே அரிப்பு. கிணற்றடிக்குப் போக யாருக்கும் பொறுமை இல்லை. முற்றத்திலேயே, மழையிலேயே, ஒரு சவர்க்காரத்தைக் கைமாற்றிக் கைமாற்றி எல்லோரும் குளித்தோம். பக்கத்து வீட்டு அக்கா குடையோடு தன் பிள்ளைகளைத் தேடி வந்தார். எங்களைப் பார்த்தார். ஒரு கணம் யோசித்துவிட்டுக் குடையைச் சுருக்கி வேலியில் சாத்தினார்.